இரண்டு நிமிடக் கதவு

1 அக்டோபர் 1984, திங்கள்

தாழ்ப்பாளுக்கு எண்ணெய் போட்டாயிற்று. சீசன் தொடங்குமுன் வருஷா வருஷம் நான் செய்யும் வேலை. நான் செய்யாவிட்டால் வேறு எவனும் செய்ய மாட்டான்.

பதினான்கு வருஷமாக லோன்ஹோவன் ஐஸ் ஹாக்கி அரங்கில் எங்கள் தண்டனைப் பெட்டிக்குக் கதவுக்காரி நான். ஆட்டத்தில் தப்புப் பண்ணிய எங்கள் ஆள் உள்ளே வந்து உட்காருவான். இரண்டு நிமிடமோ ஐந்து நிமிடமோ மூச்சு வாங்குவான், கெட்ட வார்த்தை பேசுவான், ரத்தம் துடைப்பான். கடிகாரம் பூஜ்யத்துக்கு வந்ததும் தாழ்ப்பாளை இழுப்பேன். முன்னால் ஆள் உயரத்துக்கு மேல் கண்ணாடி. கதவைத் தவிர வேறு வழி கிடையாது. சம்பளம் இல்லை, காபி உண்டு.

புதுச் சட்டை வந்துவிட்டது. மறுபடி புதுப் பெயர். ஆரம்பத்தில் நாங்கள் வெறும் லோன்ஹோவன் ஆட்டர்ஸ், நீர்நாய்கள். பிறகு ஒரு கம்பளக் கடைக்காரன் பெயர் முன்னால் ஒட்டியது. அவன் போய்த் தொத்திறைச்சிக் கம்பெனி வந்தது. இப்போது ஜன்னல் சட்டம் செய்கிறவன். நீர்நாய் மட்டும் அதே நாய்.

என் மகன் யூப் இந்த வருஷம் முதல் அணியில். இருபத்தொரு வயது, பகலில் வீடுகளுக்குப் பெயிண்ட் அடிக்கிறான். சட்டையைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றான். "எப்படிம்மா இருக்கு?" "ஜன்னல் விக்கிறவன் மாதிரி இருக்கு" என்றேன். சிரித்தான். எல்லாப் பல்லும் தெரிந்தது.

7 அக்டோபர், ஞாயிறு காலை

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

நேற்று முதல் ஆட்டம், டெர்வோர்ட் ஊரின் வுல்வ்ஸ் அணியோடு. அவர்கள் பக்கம் ரீனஸ். எட்டு வருஷம் எங்களுக்காக அடித்தவன், முப்பத்தைந்து வயது, பகலில் கறிக்கடை. என் பெட்டியில் அவன் அளவுக்கு உட்கார்ந்தவன் எவனும் இல்லை. எத்தனை ஆரஞ்சு உரித்துக் கொடுத்திருப்பேன். போன வருஷக் கோடையில் கிளப் அவனை இரண்டு வரிக் கடிதத்தில் அனுப்பிவிட்டது. வுல்வ்ஸ் சேர்த்துக்கொண்டார்கள்.

எங்கள் பயிற்சியாளர் டெரி கனடாக்காரர். தாத்தா இந்தப் பக்கத்திலிருந்து கப்பலேறியவர். டெரிக்குத் தெரிந்த டச்சு முழுக்க அந்தத் தாத்தாவுடையது. அறுபது வருஷத்துக்கு முந்தின குடியானவன் எழுந்து வந்து பேசுவதுபோல் இருக்கும். எங்களுக்குச் சிரிப்பு வரும். நேற்று வரவில்லை. எங்கள் பெஞ்சு என் பெட்டியை ஒட்டித்தான், எல்லாம் கேட்கும். யூபின் தோளைத் தட்டிச் சொன்னார்: "அப்பனே, அந்தக் கிழட்டு எருதைத் துவம்சம் பண்ணிப்போட்டு வா."

யூப் போய்க் கையுறைகளைக் கழற்றி எறிந்தான், சண்டைக்கு அழைப்பு அது. ரீனஸ் தலையை ஆட்டினான். "வேணாம் யூப். போய் விளையாடுடா." யூப் அவன் வாயில் குத்தினான்.

பிறகு ரீனஸ் தன் வேலையைச் செய்தான். யூபின் சட்டையை முதுகுப்பக்கமிருந்து தலைக்கு மேல் இழுத்து முகத்தை மூடினான், வலது கையால் அடித்தான். நான் எண்ணினேன், பழக்கம். ஏழு. நான்காவதில் சத்தம் மாறியது.

யூப் தானாக நடந்துதான் பெட்டிக்கு வந்தான். ஐந்து நிமிடத் தண்டனை, உட்கார்ந்தே தீருவேன் என்றான். கன்னம் உள்ளே போயிருந்தது. கையில் எதையோ துப்பினான், அது தரையில் உருண்டது. முட்டி போட்டுத் தேடி எடுத்தேன். இரண்டு பல். பாலில் போட்டால் பிழைக்கும் என்பார்கள். என்னிடம் இருந்தது காபிக்கு ஊற்றும் கெட்டிப்பால். அதில் போட்டேன். பல் வைத்தியர் கோப்பையை எட்டிப் பார்த்துவிட்டு, "சர்க்கரையும் போட்டிருக்கலாமே" என்றார். அவரை அறைந்திருப்பேன்.

கன்ன எலும்பு உடைந்திருக்கிறது. பற்கள் போச்சு.

8 அக்டோபர்

சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது.

பட்டாணி சூப்பை வடிகட்டி உறிஞ்சுகுழல் போட்டுக் கொடுத்தேன். குடிக்கும்போது யூபின் மூக்கிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் சூப்பில் விழுந்தது. அவன் அதையும் சேர்த்து உறிஞ்சினான். என் வாய் தானாகத் திறந்தது. "ரீனஸுக்கு இடது கண்ணு தெரியாதுடா. அடுத்த தடவை அந்தப் பக்கமா வா."

இரண்டு குளிர்காலத்துக்கு முன், எங்களுக்காக ஆடும்போது மட்டையின் முனை ரீனஸின் கண்ணில் ஏறியது. அன்று பெட்டியில் என்னிடம் மட்டும் சொன்னான். "இடது பக்கம் வெறும் புகையாத்தான் தெரியுது அக்கா. இன்னொரு அடி பட்டா மொத்தமாப் போயிரும்னு டாக்டர் சொல்லிட்டாரு. யார்ட்டயும் சொல்லிராதீங்க, ஆட விடமாட்டானுங்க." நான் சத்தியம் பண்ணவில்லை. பண்ணத் தேவையில்லை என்றுதான் இருவருமே நினைத்தோம். பெட்டிக்குள் பேசியது பெட்டிக்குள்.

யூப் உறிஞ்சுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். "நிஜமாவா?"

"நிஜமா."

நெஞ்சில் கொஞ்சம் பாரம் இறங்கியது. அதுதான் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

30 அக்டோபர்

ஷெட்டில் மணல் மூட்டையைத் தொங்கவிட்டிருக்கிறான். வேலை முடிந்து வந்ததும் அடிக்கிறான். வலது கையால்தான், எப்போதும் வலது கையால்.

14 நவம்பர், புதன்

கிளப்புக்குப் பதினைந்து வயது. மலர் போடுகிறார்களாம். கிளப் தலைவர் நான் வேலை செய்யும் பேக்கரிக்கே வந்தார், நான் தொத்திறைச்சி ரொட்டியை அடுக்கிக்கொண்டிருந்தேன். "கதவைப் பத்தி அரைப் பக்கம் எழுதிக் குடுங்க ரீக். கலகலப்பா இருக்கட்டும்."

கலகலப்பாக எழுதிக் கொடுத்தேன். கோபத்தில் பெட்டிக்குள் ஷூவைத் தொலைத்தவன், தண்டனையில் தூங்கிப்போனவன், என் காபியைக் குடித்துவிட்டு முகம் சுளித்த செக் நாட்டுக்காரன். எழுதாததை இங்கே எழுதுகிறேன்.

1969 - அரங்கு திறந்தார்கள். கால்வாய் உறைந்தபோது மட்டும் ஆடிய பையன்கள்தான் முதல் அணி. மேல் கூரை உண்டு, பக்கச் சுவர் இல்லை. மழை பக்கவாட்டில் அடிக்கும்.

1971 - முதல் கனடாக்காரர்கள் வந்தார்கள். சம்பளம் வாங்கி ஆடியவர்கள். நம் பையன்களுக்கு அடிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். அதுவரை நாங்கள் தள்ளிக்கொள்வோம், அவ்வளவே.

1973 - ஃபான்ஸ். பத்தொன்பது வயது. பலகைச் சுவர் ஓரமாகக் குனிந்து ரப்பர் வட்டை எடுக்கும்போது ஒருவன் பக்கத்திலிருந்து முழு வேகத்தில் வந்து மோதினான். தலை முதலில் பலகையில் பட்டது. பெரிய சத்தம் ஒன்றும் வரவில்லை. கழுத்துக்குக் கீழே இன்றுவரை அசைவில்லை. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அவன் அண்ணன் அவனைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்து மூலையில் நிறுத்துகிறான். மோதினவன் வெளியூர் ஆள். பெட்டியில் உட்கார்ந்து அழுதான், பக்கத்துக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன்.

1975 - ரீனஸ் வந்தான். அந்த வருஷம் சாம்பியன். மலரில் கோப்பையின் படம் போடுவார்கள். இறுதி ஆட்டத்தில் அவன் மூவரின் மூக்கை உடைத்த படம் இருக்காது. நான் எழுந்து நின்று கைதட்டினேன், கதவுக்காரி நடுநிலையாக இருக்க வேண்டும் என்ற விதி எனக்குத் தெரியும்.

1980 - டெர்வோர்ட் ரசிகர்கள் எங்கள் பஸ்ஸின் கண்ணாடியைச் செங்கல்லால் உடைத்தார்கள். அடுத்த மாதம் நாங்கள் உடைத்தோம்.

இதுதான் வரலாறு. அரைப் பக்கத்தில் அடங்காது, கலகலப்பாகவும் இல்லை.

9 டிசம்பர், ஞாயிறு

நேற்று டெர்வோர்டில் ஆட்டம். ரசிகர் பஸ்ஸில் போனேன். சின்டர்கிளாஸ் பண்டிகை முடிந்து மூன்று நாள். மிச்சமிருந்த இஞ்சி பிஸ்கட்டை ஆளுக்கு ஆள் எறிந்துகொண்டே போனோம்.

யூப் முழு ஆட்டமும் காத்திருந்தான். நான் மட்டும் அது தெரிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் பகுதியில் ரீனஸ் வட்டோடு நடுவில் வந்தான். யூப் அவனது இடது பக்கம் சுற்றி வந்தான். ரீனஸ் தலை திருப்பவே இல்லை. தோள் நேராக முகத்தில் இறங்கியது. தலைக்கவசம் தனியாக ஓடியது. எழ முயன்றவனைப் பிடித்து நிறுத்தி யூப் குத்தினான், எல்லாம் இடது கண்ணில், வரிசையாக, ஷெட்டில் மூட்டையை அடிப்பதுபோலவே. நடுவர்கள் இரண்டு பேர் தோளில் தொங்கியும் கை நிற்கவில்லை. பனியில் ரத்தம் கொட்டி அப்படியே உறைந்தது. அவர்கள் ஆள் கரண்டி கொண்டு சுரண்ட வேண்டியிருந்தது.

எங்கள் ஆட்கள் நாற்காலி மேல் ஏறிக் கத்தினார்கள். வெளியே பஸ்ஸுக்குப் போகும் வழியில் பெல்ட்டும் பாட்டிலுமாகச் சண்டை. பேக்கரியில் என்னோடு வேலை செய்யும் லீன் ஒருவனைக் குடையால் மண்டையில் போட்டாள். திரும்பும் வழியெல்லாம் யூபின் பெயரை வைத்துப் பாட்டு.

நானும் பாடினேன். எழுதிவைக்கிறேன், பிறகு மறந்துபோனதாக நடிக்கக் கூடாது. தொண்டை கட்டும்வரை பாடினேன்.

11 டிசம்பர்

யூப் டெரியிடம் சொல்லிவிட்டானாம். இப்போது அணி முழுக்கத் தெரியும். "கண்ணு தெரியாதவன்கிட்ட தோத்துட்டு வந்தா வெக்கம்டா" என்று உடைமாற்றும் அறையில் ஜோக் ஓடுகிறது.

டெரி என்னைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார். "தாயே, தங்கள் புத்திரன் சிங்கம்."

நான் நிற்காமல் நடந்தேன்.

1 ஜனவரி 1985

தூனுக்கு உதடு வீங்கியிருக்கிறது.

தூன் என் புருஷன். அரங்கில் பனி மெழுகும் வண்டி ஓட்டுகிறார். நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். நேற்று மதியம் புத்தாண்டுக்காக எண்ணெயில் மாவு உருண்டை பொரித்துக்கொண்டிருந்தேன், தூன் மேஜையில் தட்டு வைத்தார். யூப் வந்தான், கைமுட்டி எல்லாம் தோலுரிந்து. தூன் அதைப் பார்த்துவிட்டு, "போதும்டா. நீ விளையாடத்தான போன" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

யூப் தள்ளினான். சொந்த அப்பாவை. தூன் அலமாரியில் மோதி விழுந்தார், மூன்று தட்டு உடைந்தது. யூப் நின்றுகொண்டே இருந்தான், முஷ்டி மடங்கியபடி. யார் மேலோ அடுத்த குத்து விழ வேண்டும், யார் என்று தெரியாமல் நின்றான். அவன் கண்ணில் எனக்குத் தெரிந்தவன் யாரும் இல்லை.

பிறகு எண்ணெய் தீயும் வாசனை வந்தது. அடுப்பை அணைக்கப் போனேன். திரும்பியபோது அவன் போய்விட்டிருந்தான்.

நான்தானே சொல்லிக் கொடுத்தேன். எந்தப் பக்கம் அடிக்க வேண்டும் என்று.

13 ஜனவரி, ஞாயிறு

நேற்று வுல்வ்ஸ் இங்கே வந்தார்கள். ரீனஸ் ஆடுவான் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. ஆடினான்.

மட்டையால் இடறியதற்கு இரண்டு நிமிடம் கிடைத்து அவர்கள் பெட்டிக்கு வந்தான். இரு பெட்டிக்கும் நடுவில் நேரக் கணக்காளர் நோல் உட்காருவார், எழுபது வயது, காது மந்தம். ரீனஸ் அவர் தலைக்கு மேலாகப் பேசினான்.

"அக்கா. நீங்கதான் சொன்னீங்களா?"

"ஆமா."

வேறு என்ன சொல்ல? மன்னிச்சுக்கோ என்று வாய் வரை வந்தது, வெளியே வரவில்லை.

"அதான பாத்தேன். உங்களத் தவிர யாருக்கும் தெரியாதே." கையுறையால் முகத்தைத் துடைத்தான். "முன்னாடி புகையாவாவது தெரியும். இப்ப அதுவும் இல்ல. மார்ச் வரைக்கும்தான் அக்கா, அப்புறம் கறிக்கடையோட கிடப்பேன்."

"இப்பவே நிறுத்தித் தொலைய வேண்டியதுதான ரீனஸ்."

"கடைசியா நான் விழுந்தத எல்லாரும் பாத்துட்டானுங்களே. அப்படியே எப்படி நிறுத்துறது?"

பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டான். இடது பக்கம் என்னைப் பார்க்கும்படி. நேரம் முடியும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தான்.

லீகுக்குக் கடிதம் போட்டால் அவனை ஆட விடமாட்டார்கள். போடவா? ஒரு தடவை வாயைத் திறந்தது போதாதா? மூன்று தடவை எழுதிக் கிழித்தேன்.

2 பிப்ரவரி

போடவில்லை. கோழை.

10 பிப்ரவரி

அடுத்த சனிக்கிழமை கடைசி லீக் ஆட்டம். மறுபடி டெர்வோர்ட். ஜெயித்தால் இறுதிச் சுற்று நமக்கு, தோற்றால் அவர்களுக்கு. தோற்றால் ஜன்னல்காரன் கையை உதறிவிடுவானாம். கிளப்பே இருக்காது என்கிறார் தலைவர். பதினைந்து வருஷத்தில் இதை ஐந்தாவது தடவையாகக் கேட்கிறேன். இந்தத் தடவை அவர் முகத்தைப் பார்த்தால் பொய் மாதிரித் தெரியவில்லை.

17 பிப்ரவரி, ஞாயிறு காலை

நெற்றியில் மூன்று தையல். படுக்க முடியவில்லை, எழுதுகிறேன்.

நேற்று கார்னிவல் சனி. ஊர் முழுக்க வேஷம், அரங்கு முழுக்க நீல அங்கியும் சிவப்புக் கழுத்துத் துணியும். எங்கள் அணிக்கும் குடியானவன் அங்கி மாதிரி அச்சடித்த நீலச் சட்டை. பனி மெழுகும் இடைவேளையில் ஊதும் பித்தளை வாத்தியக் கோஷ்டி ஆட்டம் நடக்கும்போதே ஊதிக்கொண்டிருந்தது. நல்ல போதை எல்லாருக்கும்.

நான்குக்கு நான்கு. மூன்றரை நிமிடம் பாக்கி. சமனில் முடிந்தாலும் அவர்களுக்குத்தான் இடம், நாங்கள் ஜெயித்தே ஆக வேண்டும். அப்போது யூப் ஒருவனை இடறிவிட்டு என் பெட்டிக்கு வந்தான். இரண்டு நிமிடம்.

அவன் கத்தவில்லை. கெட்ட வார்த்தை பேசவில்லை. மட்டையை முட்டிக்கு நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். பெஞ்சிலிருந்து டெரி குனிந்து சொன்னார்: "அப்பனே, வெளியேறியதும் அந்தக் குருடனைப் பலகையோடு சேர்த்துவிடு. அவன் போனால் அவர்கள் கூட்டமே கலைந்துபோம்."

"யூப்" என்றேன்.

"சும்மா இரும்மா."

"அந்த மூலையப் பாரு. ஃபான்ஸ் உக்காந்திருக்கான்."

"பாத்தாச்சு."

"நான் அன்னிக்குச் சொன்னது தப்புடா. ரத்தத்தப் பாத்துட்டுச் சொல்லிட்டேன்."

அவன் முழங்கால் ஆடிக்கொண்டிருந்தது. சின்ன வயதில் ஊசி போடக் காத்திருக்கும்போது இப்படித்தான் ஆடும்.

பத்து விநாடி இருக்கும்போது எழுந்து நின்றான். வட்டு எங்கள் பக்கம் பலகை ஓரமாக வந்து நின்றது, கதவிலிருந்து பத்து மீட்டர் இருக்கும். அதை எடுக்க ரீனஸ் வந்தான். குனிந்தான். தலை பலகைக்கு ஒரு கை தூரம். இடது பக்கம் முழுக்க எங்களைப் பார்த்து. ஃபான்ஸ் குனிந்த மாதிரியே. எனக்கு அது பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தின சனிக்கிழமையா நேற்றா என்றே தெரியவில்லை.

பூஜ்யம்.

"திற" என்றார் நோல்.

தாழ்ப்பாளை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"ரீக், திற. நேரம் ஆச்சு." யூப் கத்தினான், "திறம்மா, திற, திற." பெஞ்சு முழுக்க எழுந்து மட்டையால் பலகையை அடித்தது. ரீனஸ் வட்டை எடுத்து உள்ளே தட்டினான். எங்களுக்கு ஓர் ஆள் குறைவு. அவர்கள் மூன்று பேர் எங்கள் கோல் முன்னால். நான் கண்ணை மூடவில்லை. வட்டு வலைக்குள் போவதைப் பார்த்தேன், அதன் பிறகுதான் தாழ்ப்பாளை விட்டேன்.

பதினோரு விநாடி என்று நோல் எழுதியிருக்கிறார்.

பிறகு என்ன சொல்ல. நான்கு-ஐந்து. அப்படியே முடிந்தது. மணி அடித்ததும் கூட்டம் என் கண்ணாடி மேல் விழுந்தது. மூஞ்சியில் சாயம் பூசிய கோமாளிகள், கன்னியாஸ்திரி வேஷம் போட்ட ஆம்பிளைகள், எல்லாம் பதினான்கு வருஷமாகத் தெரிந்த முகங்கள். "தேவடியா", "டெர்வோர்ட்காரன்கிட்ட எவ்வளவு வாங்கின", இன்னும் எழுத முடியாதது. பீர் மேலிருந்து ஊற்றியது. லீன் துப்பினாள். கண்ணாடிக் குவளை ஒன்று வந்து நெற்றியில் பட்டது. என் காபிக் குடுவையைப் பிடுங்கித் தரையில் அடித்தார்கள். கோஷ்டியில் ஒருவன் மட்டும் டிரம்போனை நிறுத்தவே இல்லை.

அப்போது தூன் பனி மெழுகும் வண்டியை வெளியே எடுத்தார். விளக்கைப் போட்டுக்கொண்டு, ஹாரனை அழுத்திப் பிடித்தபடி பனித்தளத்தின் நடுவே ஓட்டிவந்து என் கதவை ஒட்டி நிறுத்தினார். "ஏறு" என்றார். படியில் ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். முழுத் தளத்தையும் குறுக்காகக் கடந்து போனோம், நடக்கிற வேகத்தில்தான் அந்த வண்டி போகும். பீர்க் கோப்பைகள் மழையாக விழுந்தன. அவர் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. போகிற வழியில் பனியையும் மெழுகிக்கொண்டே போனார்.

18 பிப்ரவரி

யூப் துணிமணியை எடுத்துக்கொண்டு சிநேகிதன் வீட்டுக்குப் போய்விட்டான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

21 பிப்ரவரி, வியாழன்

இருபத்திரண்டு வருஷம் கழித்து இன்று வடக்கே பதினோரு நகரப் பனிச்சறுக்கு ஓட்டம். நாடே டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது. பேக்கரியில் ஒரு நாளாவது என்னை யாரும் முறைக்கவில்லை.

தபாலில் கிளப்பின் கடிதம். இரண்டு வரி. ரீனஸுக்கு வந்த அதே இரண்டு வரி, பெயர் மட்டும் வேறு. தட்டச்சு செய்த பிள்ளைக்கு ஒரே மாதிரிதான் தெரியும்போல.

3 மார்ச்

காய்கறி நறுக்கும்போது கையைப் பார்த்தேன். ஒன்று திரும்பத் திரும்ப வருகிறது.

அந்தப் பதினோரு விநாடியில் யூபின் கை என் கை மேல் இருந்தது. கையுறை போட்ட பெரிய கை. தொண்ணூற்றிரண்டு கிலோ. அப்பாவை அலமாரியில் தள்ளியவன். என்னைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டுத் தாழ்ப்பாளை இழுக்க அவனுக்கு ஒரு விநாடி போதும்.

வாய்தான் கத்தியது. கை இழுக்கவில்லை. சும்மா வைத்திருந்தான், பாரமாக.

எனக்கு அப்படிப் பட்டதா, நிஜமாகவே அப்படித்தானா? கேட்க ஆள் இல்லை.

30 மார்ச்

ஜன்னல்காரன் போய்விட்டான். டெரி கனடாவுக்குப் போய்விட்டார். கிளப் கலைந்ததாக வியாழக்கிழமை பேப்பரில் போட்டார்கள், மீன் பண்ணைக்காரர் ஒருவர் எடுத்துக்கொள்வதாகச் சனிக்கிழமை பேப்பரில். நீர்நாய்க்கு மீன்காரன். தூன் அரை நிமிடம் சிரித்தார். இந்த வருஷத்தில் முதல் தடவை.

ரீனஸ் ஆட்டத்தை விட்டுவிட்டானாம்.

14 ஏப்ரல், ஞாயிறு

இன்று எனக்கு ஐம்பத்திரண்டு.

வழக்கம்போல் காலையிலேயே நாற்காலிகளை வட்டமாகப் போட்டேன், பன்னிரண்டு. போன வருஷம் போதாமல் பக்கத்து வீட்டில் வாங்கினோம். இன்று வந்தவர்கள் என் தங்கச்சி, அவள் புருஷன், நோல். "காது கேக்காதுல்ல, அதான் என்னை யாரும் திட்டல" என்றார் நோல். கேக் முழுசாக இருந்தது. காலி நாற்காலிகளை எடுத்துவிடலாமா என்று தூன் கண்ணாலேயே கேட்டார். வேண்டாம் என்றேன்.

மூன்று மணிக்கு யூப் வந்தான். "வாழ்த்துகள்ம்மா" என்று மூன்று முத்தம் கொடுத்துவிட்டுக் கதவோரத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டான். புதுப்பல் வைத்திருக்கிறான்.

கால் மணி கழித்து மறுபடி மணி அடித்தது. தூன் போய்த் திறந்தார். ரீனஸ். ஞாயிற்றுக்கிழமை கோட்டு, கையில் தாளில் சுற்றிய தொத்திறைச்சி.

"என்னைக் கூப்பிடல. எட்டு வருஷம் ஆரஞ்சு தின்னவன், கூப்பிடாமயும் வரலாம்னு நெனச்சேன்" என்றான். "அன்னிக்கு நீங்க கதவப் பிடிச்சத நான் பாக்கல அக்கா. அது எனக்குத் தெரியிற பக்கம் இல்லயே. அப்புறந்தான் சொன்னானுங்க."

நான் அழுதேன். சொல்ல வேண்டியதை அப்போதுதான் சொன்னேன். "மன்னிச்சிரு ரீனஸ்." அவன் தொத்திறைச்சியை என் கையில் திணித்தான். "வேக வைங்க, கொதிக்க விடாதீங்க. வெடிச்சிரும்."

பிறகு எங்கள் ஊர் முறைப்படி வட்டத்தைச் சுற்றிவந்தான், ஒவ்வொருவருக்கும் கை கொடுத்து. தூனுக்கு, "உங்க சம்சாரம் பிறந்தநாளுக்கு வாழ்த்துகள்." தங்கச்சிக்கு, "உங்க அக்கா பிறந்தநாளுக்கு வாழ்த்துகள்." நோலுக்கு என்ன சொல்வதென்று யோசித்து, "உங்க கதவுக்காரி பிறந்தநாளுக்கு." சுற்றிக் கதவோரத்துக்கு வந்தான்.

யூப் எழுந்து நின்றிருந்தான், கையை நீட்டியபடி. ரீனஸுக்கு இடது பக்கமாக.

ரீனஸ் அவனைத் தாண்டி நடந்தான். காலி நாற்காலியைத் தேடி.

யூபின் கை நீட்டியபடியே நின்றது. முகம் சிவந்தது. அந்த முஷ்டி மடங்கிவிடும் என்று நினைத்தேன், தெய்வமே, நான் அப்படித்தான் நினைத்தேன்.

யூப் நகர்ந்தான். ரீனஸின் முதுகுக்குப் பின்னாலேயே சுற்றி, மெதுவாக, அவனது வலது பக்கத்துக்குப் போய் நின்றான். மறுபடி கையை நீட்டினான்.

"இந்தப் பக்கம், மாமா" என்றான்.

ரீனஸ் பார்த்தான். பிறகு கையைப் பிடித்தான். "உங்கம்மா பிறந்தநாளுக்கு வாழ்த்துகள், யூப்."

நான் காபி எடுக்க உள்ளே போனேன். கெட்டிப்பால் டப்பாவை என்னால் திறக்க முடியவில்லை. யூப்தான் வந்து திறந்து கொடுத்தான்.